பாக்குத் தீவில் அப்பாவின் தெரு

அம்பத்தூரில் 'எஸ்டேட்' என்றால் லேத் பட்டறையும் ஷிஃப்ட் சங்கும்தான். அங்கே ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்த பெரியவர், அதற்கு முன் இருபது வருடம் பினாங்கு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1970-ல் ஒரு தகரப் பெட்டியோடு ஊர் திரும்பினார். அந்த ஊரைப் பற்றி வீட்டில் அவர் அதிகம் பேசியதே இல்லை. அவருடைய மகளுக்கு இப்போது 74 வயது. "அப்பா இருந்த ஊரை ஒரு தடவை பார்த்துடணும்டா" என்று பாட்டி பிடித்த பிடியில், ஆவடியில் வசிக்கும் அந்தக் குடும்பம் இந்தக் கோடை விடுமுறைக்கு ஊட்டியை மறந்துவிட்டு மலேசியாவுக்குக் கிளம்பியது.

சென்னையிலிருந்து விமானத்தில் நாலு மணி நேரம்தான். பெரியவர் போன 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாரம் போல ஆகும்.

'பினாங்' என்றால் மலாய் மொழியில் பாக்கு. 1786-ல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவில் கொடி ஏற்றினார். இறக்குமதி வரி கிடையாது என்றதும் சீனர், அரேபியர், பர்மியர் எல்லோரும் வந்து இறங்கினார்கள். நம் பக்கத்து மரைக்காயர்களும், கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் நடத்திய நகரத்தாரும் அதில் உண்டு. மிளகும் ஜாதிக்காயும் கைமாறின; பிறகு வெள்ளீயம், ரப்பர். மலாய்க்காரர்கள் இன்றும் கடையை 'கெடாய்' என்கிறார்கள், கப்பலை 'காப்பால்' என்கிறார்கள். முதலீட்டுக்கு 'மோடல்', அதாவது நம் 'முதல்'! வியாபாரம் செய்யப் போனவர்கள் சொற்களையும் இறக்கிவிட்டு வந்திருக்கிறார்கள்.

ஜார்ஜ் டவுனின் பழைய பகுதி 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 1818-ல் கட்டிய தேவாலயம், சீனர்களின் கருணைத் தேவி கோயில், தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எல்லாம் நடக்கிற தூரத்தில். வெயில் நம்மூர் வெயில்தான், குடை அவசியம். பிள்ளைகளுக்கு 1923-ல் ஓடத் தொடங்கிய பினாங்கு மலை ரயில் பிடித்துப்போனது.

பாட்டிக்கு வேண்டியிருந்ததோ குயின் தெரு. 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் அங்கேதான். துறைமுகத் தொழிலாளர்கள் கும்பிட்ட அம்மன். கோபுரத்தைப் பார்த்தபடி பாட்டி வெகுநேரம் நின்றார். அப்பா எந்த வீட்டில் தங்கியிருந்தார் என்று கேட்டுச் சொல்ல யாரும் இல்லை. பூக்கடைக்காரர் மட்டும், "அப்ப நிறையப் பேரு போயிட்டாங்கம்மா" என்றார்.

உண்மைதான். 1969 கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே வருடம் பினாங்கின் வரியில்லாத் துறைமுக அந்தஸ்தும் போனது. பாதி ஆயுளை அங்கே கழித்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேறினார்கள். சுற்றுலாக் கையேடுகளில் மசாலா வியாபாரம் பக்கம் பக்கமாக வரும். மூட்டை சுமந்தவர்கள் ஒரு வரியில் முடிந்துபோவார்கள்.

மதியம் நாசி கண்டார் கடை. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் தண்டு போட்டு, சோறும் குழம்பும் தூக்கிப்போய் விற்ற சாப்பாடு. அந்தத் தண்டுக்குத்தான் 'கண்டார்' என்று பெயர். கடைக்காரர் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு எல்லாவற்றையும் ஒரே சோற்றின் மேல் ஊற்றினார். 'பஞ்சிர்' என்றால் இப்படித்தானாம். வெள்ளம் என்று அர்த்தம்.

"என்ன அத்தை, சாப்பிடலையா?" என்றார் மருமகள்.

"எங்கப்பா வீட்ல சாம்பார், ரசம், காரக்குழம்பு எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்துதான் சாப்பிடுவாரு. பைத்தியமான்னு எங்கம்மா திட்டும். நாங்க எல்லாம் சிரிப்போம்."

சொல்லிவிட்டு, பாட்டி சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.