மீன் காட்டிய மலை வழி

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகப் போனால் காரவள்ளி வரும். கொல்லிமலை அங்கேதான் தொடங்குகிறது. தொடங்குகிறது என்பதைவிட, தலைக்கு மேலே எழும்பி நிற்கிறது என்று சொல்வதே பொருத்தம். உச்சிக்குப் போக மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். எண்ணிக்கொண்டே ஏறலாம் என்று ஆசைதான். ஆனால் இருபதுக்கு மேல் எண்ணுகிறவர்களை நான் பார்த்ததில்லை, வயிறு அனுமதிப்பதில்லை!

ஏறுகிற சாலை ஒன்றாயிற்றே, வழிகாட்டி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மேலே போன பிறகுதான் சங்கதி. செம்மேட்டைத் தாண்டினால் மிளகுக் கொடிகளுக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் பலா மரங்களுக்கும் நடுவே சின்னஞ்சிறு ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளைப் பாதை. கைபேசிக் கோபுரத்தின் அலை ஒரு மேட்டில் வரும். அடுத்த பள்ளத்தில் போய்விடும். இன்டர்நெட்டை நம்பி வழி கேட்கிறவர் அந்தப் பள்ளத்தில் நிற்க வேண்டியதுதான்.

சென்ற தை மாதம் நாங்கள் போனபோது எங்களிடம் இருந்த கைபேசியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது என்னுடையதல்ல, உடன் வந்த புகைப்பட நண்பருடையது. நாலு பேர் வாங்குகிற சாமானை அவர் வாங்கமாட்டார். உலகமே ஆண்ட்ராய்டு, ஐபோன் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்க, அவர் மட்டும் ஒரு ஸோனி எக்ஸ்பீரியாவில் ‘ஸெயில்ஃபிஷ்’ என்ற இயங்குதளத்தைப் போட்டு வைத்திருக்கிறார். ஸெயில்ஃபிஷ் என்பது முதுகில் பாய் விரித்த ஒரு கடல் மீன். நோக்கியாவிலிருந்து வெளியே வந்த சிலர் 2011-ல் பின்லாந்தில் தொடங்கிய ‘யொல்லா’ என்ற கம்பெனியின் படைப்பு அது. 2016-ல் இன்டெக்ஸ் கம்பெனி ‘அக்வா ஃபிஷ்’ என்று ஒரு கைபேசியை நம் நாட்டிலேயே இந்த இயங்குதளத்தோடு விற்றதுண்டு. பலருக்கு நினைவிருக்காது.

இப்படிப்பட்ட போனுக்கு வழிகாட்டும் மென்பொருள் தேடுவது, தாலுகாவுக்கு ஒரே ஒரு வீட்டில் பேசும் பாஷைக்கு அகராதி தேடுவது போலத்தான். பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்ப்பதில்லை. ஆண்ட்ராய்டுக்கு எழுதியவற்றைக் குடக்கூலிக்கு வைப்பது போல் இதில் வைத்து ஓட்டலாம். ஆனால் அவற்றில் சில, ‘கூகிள் சேவை எங்கே?’ என்று கேட்டு உட்கார்ந்துவிடும்.

நண்பர் கடைசியில் இரண்டை வைத்துக்கொண்டார். ஒன்று, இரவல் ஆண்ட்ராய்டுச் சரக்கு, பெயர் வேண்டாம். மற்றொன்று ஸெயில்ஃபிஷுக்கென்றே ஆர்வலர்கள் எழுதிய ‘ப்யூர் மேப்ஸ்’. அதற்குத் துணையாக ‘ஓ.எஸ்.எம். ஸ்கவுட் ஸர்வர்’ என்று ஒன்று உண்டு. வேண்டிய பிரதேசத்தின் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி அதில் நிரப்பிக்கொண்டால், வரைபடமும் வழி கணக்கிடும் வேலையும் போனுக்குள்ளேயே நடந்துவிடும். கட்டுச் சோறு எடுத்துப் போகிற மாதிரி. இரண்டும் இலவசம்.

ஜி.பி.எஸ். விண்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. நம் போன் அவற்றோடு பேசுவதில்லை. வெறுமனே காது கொடுத்துக் கேட்கிறது. நான்கின் குரல் கேட்டால், தான் நிற்கும் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். இதற்கு சிம் கார்டுகூட வேண்டாம். ஆனால் எந்த விண்கோள் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்ல ஆளிருந்தால் வேலை சுருக்க முடியும். இந்த வகைப் போன்களுக்கு அக்கம்பக்கத்துக் கோபுரங்களை வைத்து உத்தேசமாக இடம் சொல்லிவந்த மொஸில்லாவின் சேவை 2024-ல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே, காரவள்ளியில் நண்பர் போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றார். நான் டீ குடித்து முடித்தேன்.

“இதுக்குள்ள நாலு வளைவு ஏறியிருக்கலாம் சார்” என்றார் டிரைவர்.

“பொறுங்கள் ஐயா, அது நட்சத்திரம் பார்க்கிறது” என்றார் நண்பர்.

வளைவுகளில் வேடிக்கைதான். மலைச் சுவர் பாதி வானத்தை மறைத்துவிடுகிறது. கீழ்ச் சாலையும் மேல் சாலையும் அடுக்கடுக்காக நெருங்கிக் கிடக்கின்றன. திரையில் எங்கள் கார் திடீரென்று ஒரு மாடி மேலே தாவியது; மறு நிமிஷம் இறங்கிவிட்டது. உள்ளிருந்து ஒரு பெண் குரல் இங்கிலீஷில் ‘திரும்பு, திரும்பு’ என்றது. புன்னகை காட்டி வழிப்போக்கர்களை மயக்கிக் கொல்லும் கொல்லிப்பாவை வாழ்ந்த மலை இது என்பார்கள். எனக்கு அந்த நினைவுதான் வந்தது!

செம்மேட்டிலிருந்து அறப்பளீசுவரர் கோயிலுக்குப் புறப்பட்டபோது இரண்டு மென்பொருள்களும் சண்டை பிடித்தன. இரவல் சரக்கு, பெரிய சாலையை விட்டு விலகி ஒரு குறுக்கு வழியைக் காட்டியது. ப்யூர் மேப்ஸ் சுற்றுச் சாலையிலேயே போகச் சொன்னது. குறுக்கே அதற்கு ஒரு கோடுகூடத் தெரியவில்லை. டிரைவர் குறுக்கு வழியின் வாயில் காரை நிறுத்தினார். தலையில் விறகுக் கட்டோடு ஒரு மூதாட்டி வந்தார்.

“அது வண்டித் தடம் இல்லீங்க சாமி. மாடு போற தடம். இப்படித்தான் ரெண்டு மூணு காரு வந்து மாட்டிக்கிச்சு. நாங்கதான் தள்ளிவிட்டோம்.”

“உள்ளே ஊர் இருக்கிறதா அம்மா?”

“இல்லாம? பதினஞ்சு வீடு இருக்குதுங்க.”

இரண்டு வரைபடங்களிலும் அந்த இடம் வெறும் பச்சையாக இருந்தது.

விறகை இறக்கி வைத்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “போன மழைக்கு எம் மருமவளுக்கு ராத்திரியில வலி கண்டுருச்சு. பாறை மேல ஏறி நின்னு ஆஸ்பத்திரி வண்டிக்குப் போன் போட்டான் மகன். வண்டி வந்துச்சுங்க. ஆனா இதே மாதிரி பேரு உள்ள வேற ஊருல போயி நின்னுக்கிச்சு. டார்ச்சு எடுத்துக்கிட்டு ஆம்பளைங்க தேடிப் போனாங்க. அதுக்குள்ள புள்ளை பொறந்துருச்சு. சாமி புண்ணியத்துல ரெண்டும் நல்லா இருக்குதுங்க.”

நண்பர் கேமராவை உறையில் போட்டுவிட்டார். பேசாமல் மூதாட்டியோடு ஊருக்குள் நடந்தார், நானும் போனேன். ஊர் நடுவில், வானம் நன்றாகத் தெரிகிற களத்துமேட்டில் நின்று, அட்ச ரேகையையும் தீர்க்க ரேகையையும் போனில் பதிந்துகொண்டார். ஊர்ப் பெயரை எப்படி எழுதுவது என்பதில் ஆளுக்கொரு அபிப்பிராயம். ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி என் குறிப்புப் புத்தகத்தை வாங்கி, முத்து முத்தாக எழுதிக் கொடுத்தாள்.

கோயிலுக்குச் சுற்றுச் சாலையிலேயே போனோம். அறுத்த மீன் பொருந்தி மீண்டும் ஆற்றில் நீந்தியதாக அங்கே ஐதீகம். நண்பர் தம் மீன் போனை ஸ்வாமி முன் சற்று நேரம் வைத்து எடுத்துக்கொண்டார். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இடுக்கில் இறங்க இறங்க வானம் ஒரு கீற்றாகிவிட, போன் விண்கோள்களைத் தொலைத்துவிட்டது. அருவிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போகிறவர்களுக்கு அங்கே போன் எதற்கு?

ப்யூர் மேப்ஸ் காட்டும் வரைபடம் ‘ஓபன்ஸ்ட்ரீட்மேப்’ என்பதிலிருந்து வருகிறது. 2004-ல் ஸ்டீவ் கோஸ்ட் என்ற ஆங்கிலேயர் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கித் திருத்தலாம். பிறர் வரைபடத்தைக் காப்பியடிக்கக் கூடாது. நேரில் கண்டதை எழுதலாம். இந்த ஏற்பாடு பிடித்துப் போனதால்தான், ஓட்டை உடைசல் இருந்தாலும், அந்த அபூர்வ போனுக்கு இதுவே உகந்தது என்று நான் சிபாரிசு செய்கிறேன். மற்றதில் அந்த ஊர்க்காரர்கள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

சென்னைக்குத் திரும்பிய அன்றிரவே கம்ப்யூட்டரில் அந்த இடத்தைத் தேடி, ஒரு புள்ளி வைத்து, சிறுமி எழுதியபடியே பெயரைச் சேர்த்தோம். பொது வரைபடத்தில் உடனே ஏறிவிட்டது. போனுக்குள் இருக்கும் கட்டுச் சோறு பழையதல்லவா? புதிய மூட்டை தயாராக நாளாகும். பங்குனியில் ஒரு நாள் நண்பர் ஆபீஸுக்கு ஓடி வந்தார். இறக்கிய புது வரைபடத்தை நீட்டினார். பச்சைக்கு நடுவில், பொடி எழுத்தில், தமிழில் ஊர்ப் பெயர் இருந்தது. குறிப்புப் புத்தகத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.