உறைந்த ஏரியில் ஒரு சிவப்பு விளக்கு

நடு ராத்திரியில், ஓர் ஏரியின் மத்தியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சுடச் சுடக் காப்பி குடித்திருக்கிறீர்களா? நான் குடித்தேன். படகிலே அல்ல, தண்ணீருக்கு மேலேயேதான்! காலுக்கு அடியில் 20 அங்குலப் பனிக்கட்டி. அதற்கும் அடியில் மீன்கள்.

அமெரிக்காவில், மினியாபொலிஸ் நகரத்துக்கு வடக்கே சுமார் 100 மைலில் இருக்கிறது மில் லாக்ஸ் ஏரி. பிரெஞ்சுக்காரர்கள் இட்ட பெயர். 'ஆயிரம் ஏரிகள்' என்று பொருள். இருப்பது என்னவோ ஒன்றுதான்! ஆனால் அந்த ஒன்றே 200 சதுர மைலுக்கு மேல் விரிந்து கிடக்கிறது. ஜனவரி மாதத்தில் அது ஏரியாகவே இருப்பதில்லை, ஊராகிவிடுகிறது. வரிசை வரிசையாக மரக் குடிசைகள், நடுவே பனியை ஒதுக்கிப் போட்ட சாலைகள், அவற்றில் மெள்ள ஊர்ந்து போகும் மோட்டார்கள்! ஒரு மனிதர் நடக்கவே 4 அங்குலப் பனிக்கட்டியாவது வேண்டும் என்று அந்த மாநில அரசாங்கம் எச்சரிக்கிறது. 20 அங்குலம் இருக்கிறது என்று அளந்து காட்டினார்கள். புத்தி ஒப்புக் கொண்டது. முழங்கால்கள் ஒப்புக் கொள்ளவில்லை.

எனக்கு இடம் கொடுத்தவர்கள் ஒரு வயோதிகத் தம்பதி. பெரியவருக்குக் காது மந்தம். அம்மையாருக்கு இருட்டினால் கண் சரியாகத் தெரியாது. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கதையே இதில்தான் இருக்கிறது.

அவர்கள் மீன் பிடிக்கும் சாதனத்துக்கு 'டிப்-அப்' என்று பெயர். பனிக்கட்டியில் துளை போட்டு, அதன் மேல் இரண்டு கட்டைகளைக் குறுக்காக வைக்கிறார்கள். நூல் சுற்றிய உருளை அடியில் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது; வெளியே இருந்தால் நூல் உறைந்து போகுமல்லவா? மேலே ஒரு மெல்லிய எஃகுக் கம்பி, அதன் நுனியில் ஆரஞ்சு வர்ணத்தில் ஒரு துணிக்கொடி. கம்பியை வளைத்து ஒரு கொக்கியில் மாட்டிவிடுவார்கள். மீன் இரையைக் கவ்விக்கொண்டு ஓடினால் உருளை சுழலும், கொக்கி விடுபடும், கொடி விசுக்கென்று எழுந்து நிற்கும்.

பகலில் சரி. ஆனால் இங்கே எல்லாரும் தேடுகிற 'வால்ஐ' என்ற மீன் இருட்டுப் பிரியன். பூனைக்கு இருப்பதுபோல் அதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் உண்டு. அந்தி சாய்ந்த பிறகுதான் ஐயா சாப்பாட்டுக்குக் கிளம்புகிறார்! அந்த நேரத்தில் கொடி எழுந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்?

அதற்குத்தான் விளக்கும் மணியும். கொடிக் கம்பியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு விளக்கு. கம்பி படுத்திருந்தால் அணைந்திருக்கும், நிமிர்ந்தால் எரியும். பழைய விளக்குகளில் ஒரு துளி பாதரசம் உருண்டுபோய் மின்சாரத்தைச் சேர்த்துவைக்குமாம். கம்பி நுனியில் குட்டி மணி ஒன்றும் தொங்குகிறது. கொடி எழுந்தால் ரேடியோ அலை மூலம் குடிசைக்குள் ஒரு பெட்டியைக் கத்த வைக்கும் கருவிகூடக் கடைகளில் கிடைக்கிறது. "எதற்கு? விளக்கு எனக்கு, மணி இவளுக்கு. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள்!" என்று சிரித்தார் பெரியவர்.

ஆளுக்கு இரண்டு தூண்டில் என்பது அங்கே சட்டம். ஆகவே நான்கு டிப்-அப். 200 அடிக்குள் ஆள் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அம்மையார் அடுப்பருகே. எரிவாயு அடுப்பு எரியும் மூடிய குடிசை என்பதால், மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்ஸைடு விஷவாயு சேர்ந்தால் அலறுவதற்கு ஒரு கருவி சுவரில் இருந்தது. அது வாய் திறக்கவில்லை, நல்ல வேளை!

எட்டரை மணிக்கு ஒரு விளக்கு எரிந்தது. விழுந்தடித்து ஓடினோம். காற்று! கொடியைத் தட்டிவிட்டுப் போயிருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி ஸெல்ஸியஸில் என் மூக்கு இருந்த இடம் தெரியவில்லை. குளிர் ஏற ஏறப் பனிக்கட்டி விரிசல் விட்டுத் தொலைவில் பீரங்கிபோல் முழங்கியது. "அது நல்ல சத்தம்தான், கட்டி கெட்டியாகிறது" என்றார் அம்மையார்.

அப்புறம் நான் செய்த காரியத்தைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? காப்பிக் கெண்டி கொதித்துச் சீழ்க்கையடித்துக் கொண்டிருந்தது. நானோ பத்திரிகை ஆபீஸ் வம்புகளை அளந்து கொண்டிருந்தேன். அம்மையார் கண்ணீர் வரச் சிரித்துக் கொண்டிருந்தார். சட்டென்று சிரிப்பை நிறுத்திக் காதைத் தீட்டினார். "மணி!" என்றார். ஜன்னலில் வெளிச்சமே இல்லை.

போய்ப் பார்த்தால், கொடி நிமிர்ந்து நிற்கிறது; விளக்கு செத்துக் கிடக்கிறது. குளிரில் பாட்டரி சக்தி இழந்துவிட்டது. உருளையில் நூல் பெரும்பாலும் ஓடிவிட்டிருந்தது. பெரியவர் கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரல்களால் நூலை இழுத்தார். பெரிய மீன். அளவுப் பலகையில் வைத்தார்; வைத்துக்கொள்ளக் கூடாத நீளம். இந்த ஏரியில் வால்ஐ குறைந்து, 2015 ஆகஸ்டில் அதைப் பிடிப்பதையே சீஸன் நடுவில் நிறுத்தும்படி ஆயிற்று. அதிலிருந்து இந்த அங்குலக் கணக்கு இவர்களுக்கு வேதம். திருப்பி விட வேண்டியதுதான். ஆனால் தாமதமாகிவிட்டதே! தூண்டில்முள் உதட்டில் இல்லை, தொண்டைக்குள் இறங்கியிருந்தது. பிடுங்கினால் குடலும் கிழியும். பெரியவர் நூலை வாயருகே கத்தரித்தார். மீனைத் துளைக்குள் இறக்கி, இரு கைகளாலும் பிடித்துக் கொண்டிருந்தார். அது ஒருக்களித்துச் சாய்ந்தது. பிறகு ஒரு தரம் வாலை அடித்துக் கீழே போயிற்று. பிழைத்ததோ, இல்லையோ!

"பாட்டரியை மடியில் வைத்திருந்து மாற்றியிருக்க வேண்டும், என் தப்பு" என்றார் பெரியவர். "இல்லை, நான் காது கொடுக்கவில்லை" என்றார் அம்மையார். என்னை இருவருமே குறை சொல்லவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

அம்மையார் தம் கோட்டின் உள்பையிலிருந்து கதகதப்பான பாட்டரிகளை எடுத்தார். நாலு விளக்கிலும் மாற்றினோம். துளைகளில் படர்ந்த பனிக்கட்டியை அள்ளி எறிந்து, உறையாதிருக்க வட்ட மூடிகள் வைத்தோம். குடிசைக்குத் திரும்பியதும் கெண்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தவன் நானே. வாயையும் மூடிக் கொண்டேன்.

பதினொன்றே முக்காலுக்கு விளக்கும் மணியும் ஒன்றாகவே அழைத்தன. அறுபது தப்படி தூரத்தை அந்தக் கிழவர் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! முள் உதட்டோரத்தில் நின்றது. டார்ச் வெளிச்சத்தில் கண் இரண்டும் நெருப்புத் துண்டுகள். பலகையில் வைத்தார்; இதுவும் அளவு மீறியது. விரலால் ஒரு திருப்பு; முள் கழன்றது. தண்ணீரில் விட்டதுதான் தாமதம், மாயமாய் மறைந்தது.

"இப்போது கெண்டியை வைக்கலாம்" என்றார் அம்மையார்.