மதராஸி வேஷம்

1978-ஆம் வருஷம் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் டில்லி வந்து இறங்கிய எனக்கு, கரோல்பாகில் மாடியறையை வாடகைக்குக் கொடுத்த பஞ்சாபி மாதாஜி செய்துவைத்த நாமகரணம் ‘மதராஸி பாபு’. எதிர்வீட்டுக் கன்னடத்துக் குமாஸ்தாவுக்கும், பாலக்காட்டு டைப்பிஸ்டுக்கும், நெல்லூர்க்காரருக்கும் அதே பெயர்தான். நான்கு பாஷைகளை ஒரே சொல்லில் மூட்டை கட்டிய அந்த அம்மாளிடம் துவேஷம் லவலேசமும் இல்லாதபடியால், கோபித்துக்கொள்ளவும் வழியில்லாமற் போயிற்று.

வெகுகாலம் கழித்து, ஒரு சிநேகிதர் வீட்டு மேஜைமேல் கிடந்த புத்தகத்தில் என். புஷ்பமாலாவின் படங்களைப் பார்த்தபோதுதான் இந்தப் பெயர் மறுபடியும் உறுத்திற்று. பெங்களூரில் பிறந்து, பரோடாவில் சிற்பம் பயின்று, பிற்பாடு புகைப்படத்துக்கு வந்த இவர், 2000 முதல் 2004 வரை, பிரிட்டிஷ் வம்சத்தவரான கிளேர் ஆர்னியைக் காமிராவுக்குப் பின்னால் நிறுத்தி, தென்னிந்திய சுதேசப் பெண்களின் நடையுடை பாவனைகள் என்ற பெயரில் ஒரு வரிசை எடுத்திருக்கிறார். ரவிவர்மாவின் நிலவொளி நங்கையும் அவரே, வேளாங்கண்ணி மாதாவும் அவரே. கட்டம் போட்ட பலகைக்கு முன்னால் அளவெடுக்க நிறுத்தப்பட்ட தோடர் பெண்ணும் அவரே.

அந்தக் கட்டங்கள் வேடிக்கைக்கு வரையப்பட்டவை அல்ல. 1868 முதல் 1875 வரை எட்டு வால்யூம்களாக ‘இந்திய மக்கள்’ என்று வெளியிட்டு, ஜாதிக்கும் குடிக்கும் ஒரு மாதிரி முகத்தைப் பொறுக்கியெடுத்துக்கொண்ட சர்க்காரின் காலத்தில், சரீரத்தைக் கட்டங்களுக்குள் நிறுத்தி அளப்பதும் ஒரு சாஸ்திரமாகவே பாவிக்கப்பட்டது. புஷ்பமாலா அதைக் கண்டித்துப் பிரசங்கம் செய்வதில்லை. வேஷத்தை நிறைவாகப் போட்டுக்கொள்கிறார், ஆனால் திரைச்சீலையின் மடிப்பையும் ஒப்பனைப் பூச்சையும் மறைக்க மெனக்கெடுவதில்லை. என் அபிப்பிராயத்தில் அவருடைய குறும்பெல்லாம் அந்த மடிப்பில்தான் இருக்கிறது.

நானும் வேஷம் போட்டவன்தான், தெரியாமல். ஊரில் ஒருநாளும் பட்டையாய் விபூதி இட்டுக்கொள்ளாத நான், மாதாஜியின் விருந்தாளிகள் வரும் பொங்கலன்று எட்டுமுழ வேஷ்டியும் திருநீறுமாய், கையில் வடைத் தட்டோடு மாடிப்படி இறங்குவேன். அவர்கள் எதிர்பார்த்த மதராஸி அப்படித்தான் இருப்பான். மாதாஜியின் பிள்ளை எடுத்த போட்டோ ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. எனக்குப் பின்னால், துணிக்கொடியில் காய்வது அவர்கள் வீட்டுக் கட்டம் போட்ட போர்வை.