நடைப்பிணங்களும் நால்வரும்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

நடைப்பிணங்களைச் சுட்டு வீழ்த்தும் கணினி விளையாட்டைப் பற்றி ஆண்டு மலரில் ஒரு கட்டுரையா என்று அருட்சகோதரியர் புருவத்தை உயர்த்துவது இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. பெற்றோர்களும், ‘இதற்காகவா பள்ளிக்கு அனுப்பினோம்?’ என்று கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள், ஆனால் முழுவதும் படித்துவிட்டுக் கேளுங்கள். எங்கள் வீட்டில் இந்த விளையாட்டை என்னோடு சேர்ந்து ஆடுபவர் வேறு யாருமல்லர், என் அம்மாதான். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவற்றைத்தான், புதிதாகத் தொடங்க எண்ணும் தோழியருக்காக இங்கே எழுதுகிறேன்.

விளையாட்டின் பெயர் ‘லெஃப்ட் 4 டெட் 2’. வால்வ் என்னும் அமெரிக்க நிறுவனம் இதை 2009 நவம்பரில் வெளியிட்டது. முதல் பாகம் 2008 நவம்பரில் வந்தது. (அப்போது நான் பிறக்கவே இல்லை.) முதல் பாகத்தின் கதைகளும் பின்னர் இரண்டாம் பாகத்திலேயே சேர்க்கப்பட்டுவிட்டன. 2020 செப்டம்பரில் ஆர்வலர்கள் உருவாக்கிய ஒரு கதையும் சேர்ந்துகொள்ள, இப்போது மொத்தம் 14 கதைகள். பழைய கணினியிலும் ஓடும் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு வசதி.

கதை மிக எளியது. ஒரு தொற்றுநோய் பரவி, மனிதர்கள் எல்லாம் வெறிகொண்ட ஜாம்பிகளாகிவிட்டார்கள். நோய் தொற்றாத நால்வர் ஜார்ஜியா மாநிலத்தின் சவான்னா நகரில் தொடங்கி நியூ ஆர்லியன்ஸ் வரை தப்பிச் செல்ல வேண்டும். கால்பந்துப் பயிற்சியாளர் கோச், மெக்கானிக் எல்லிஸ், தொலைக்காட்சிச் செய்தித் துறையில் வேலை செய்யும் ரோஷெல், சூதாடி நிக் ஆகிய நால்வரும் நாம்தான்.

முதலில் வயது விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இரத்தமும் சதையும் தெறிக்கும் இந்த விளையாட்டுக்கு அமெரிக்காவில் 17 வயது, ஐரோப்பாவில் 18 வயது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2009இல் முதலில் அனுமதியே மறுத்துவிட்டார்கள். பிறகு இரத்தத்தையும் கோரத்தையும் குறைத்த ஒரு பதிப்பு, 15 வயதுக்கான வரம்போடு அங்கே விற்பனைக்கு வந்தது. விளையாட்டைத் தொடங்கும்போது ‘எல்.வி.’ என்ற இரண்டெழுத்துக் கட்டளையைச் சேர்த்தால் நம் கணினியிலும் கோரம் குறைந்துவிடும். சுடப்பட்ட ஜாம்பி விழுந்ததும் மறைந்துபோகும். எனக்கு வயது 15. இந்தக் கட்டளையோடுதான் ஆட வேண்டும் என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அதைவிடச் சின்னத் தங்கைகள் தயவுசெய்து இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, கோலப் போட்டி முடிவுகளைப் பார்க்கவும்.

அண்ணன் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் பொறியியல் படிக்கிறான். அவன் போனபிறகு வீட்டில் சத்தமே இல்லாமல் போய்விட்டது. தொலைபேசியில் அம்மா ‘சாப்பிட்டியா?’ என்பார், அவன் ‘சாப்பிட்டேன்மா’ என்பான். அத்துடன் பேச்சு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் நானும் அவனும் பெரியம்மா மகளான அக்காவும் விளையாடுவோம். நான்காவது ஆளைக் கணினியே இயக்கும். ஒருநாள் அம்மா என் பின்னால் வந்து நின்று, “அந்த நாலாவது ஆள் யாருடி?” என்று கேட்டார். அப்படித்தான் அவர் உள்ளே வந்தார்.

கற்றுக்கொள்பவருக்கு முதல் தொல்லை தலைசுற்றல். படம் வேகமாகத் திரும்பும்போது அம்மாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, திரையை விட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, முதல் வாரம் பத்து நிமிடத்துக்கு மேல் ஆடாமல் இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அம்மாவுக்கு மூன்றாம் வாரம் சரியானது. எளிது என்னும் படியில் தொடங்குங்கள். அதில் நம் குண்டு நம் ஆள்மீது பட்டாலும் காயமில்லை. படி ஏற ஏறக் காயம் ஏறும். அதனால் முன்னால் இருப்பவர் குனிந்து கொள்ளவும், பின்னால் இருப்பவர் நின்று சுடவும் ஆரம்பத்திலேயே பழகிவிட வேண்டும். குனிந்தால் குறியும் கூடுதலாகத் தேறும்.

இனி, இந்த விளையாட்டின் உயிர்நாடியான விஷயம். சாதாரண ஜாம்பிகளை ஒரு ஆளே சமாளிக்கலாம். ஆனால் தனி வகை ஜாம்பிகள் உண்டு. ஹன்டர் பாய்ந்து நெஞ்சின்மேல் உட்கார்ந்துகொள்வான். ஸ்மோக்கர் தூரத்திலிருந்து நாக்கை வீசிச் சுருட்டி இழுப்பான். ஜாக்கி தோளில் ஏறிக்கொண்டு நம்மை எங்கோ ஓட்டிச் செல்வான். சார்ஜர் தூக்கிக்கொண்டு ஓடித் தரையில் மோதுவான். இவர்களிடம் மாட்டிக்கொண்டால், எவ்வளவு கெட்டிக்காரரானாலும் தாமாக விடுபட முடியாது. வேறொருவர் வந்துதான் விடுவிக்க வேண்டும். ஆகவே முன்னால் ஓடுகிறவர்தான் முதலில் சாகிறார். முதல் மூன்று வகையினரை ஓடிப்போய்த் தள்ளிவிட்டாலே போதும். சார்ஜர் தள்ளினால் அசையமாட்டான், சுட்டே ஆக வேண்டும்.

கண்ணைவிடக் காது முக்கியம். ஒவ்வொருவனுக்கும் ஒரு சத்தம் உண்டு. ஹன்டர் உறுமுவான், ஸ்மோக்கர் இருமுவான், ஜாக்கி பைத்தியம்போலச் சிரிப்பான். பூமர் என்றொரு பருத்த ஆசாமி வயிறு குமுற ஏப்பம் விட்டபடி வருவான். அவன் நம்மேல் வாந்தி எடுத்தால் கண் மறைந்துவிடும். ஊரிலுள்ள ஜாம்பிகள் எல்லாம் நம்மை நோக்கி ஓடிவரும். அருகிலிருந்து சுட்டாலும் வெடித்து நம்மேல்தான் தெறிப்பான். முதலில் தள்ளிவிட்டு, அவன் தடுமாறும்போது விலகிப்போய்ச் சுட வேண்டும். அம்மாவுக்குக் குறி பார்க்கத் தெரியாது, ஆனால் சத்தத்தில் மன்னி. அடுப்பில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று கூடத்திலிருந்தே சொல்பவர் அல்லவா! “இருமல் கேக்குது, மாடியில ஒருத்தன் இருக்கான்” என்று எங்கள் மூவருக்கும் முன்பே சொல்லிவிடுவார்.

வெறுமனே ‘அதோ, அதோ’ என்று கத்துவதில் பயனில்லை. யார், எங்கே என்று இரண்டே சொல்லில் சொல்லப் பழகுங்கள். அக்காவுக்கு இன்னும் இது வரவில்லை.

உடல்நிலைக் கணக்கையும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் 100 புள்ளிகள். 40க்குக் கீழே போனால் நொண்டி நடப்போம். மருந்துப் பெட்டி நாம் இழந்ததில் 80 சதவீதத்தைத் திருப்பித் தரும். அதாவது 20 புள்ளியோடு இருப்பவர் 84 ஆவார்; 70 உள்ளவர் பெட்டியைப் பிரித்தால் 94தான் ஆவார், பெட்டி வீண். மாத்திரை 50 புள்ளி தரும், ஆனால் அது தற்காலிகம், மெல்லக் கரைந்துவிடும். கீழே விழுந்தவரை வந்து தூக்கிவிட ஐந்து விநாடி ஆகும். இரண்டு முறை விழுந்தவருக்குத் திரை கறுப்பு வெள்ளையாகி, இதயத் துடிப்பு கேட்கத் தொடங்கும். மூன்றாம் முறை விழுந்தால் மரணம்தான். பெட்டி யாருக்குத் தேவை என்பதை அப்போது அவரவர் பாராமல் நால்வரும் சேர்ந்து பார்க்க வேண்டும். இறந்துபோனவரும் முற்றிலும் போய்விடுவதில்லை. கொஞ்சதூரம் தள்ளி ஏதாவது ஒரு மூடிய அறைக்குள்ளிருந்து குரல் கொடுப்பார், கதவைத் திறந்துவிட வேண்டும்.

ஆயுதங்களைப் பற்றி அண்ணன் பக்கம் பக்கமாக எழுதுவான். எனக்கு அதில் ஆர்வமில்லை. தொடக்கத்தில் ஷாட்கன் எடுத்துக்கொள்ளுங்கள், குறி தப்பினாலும் ஏதாவது ஒன்றில் படும். கைத்துப்பாக்கிக்குக் குண்டு தீராது. அதற்குப் பதிலாகக் கோடரி, கிட்டார், கிரிக்கெட் மட்டை என்று எதையாவது கையில் வைத்துக்கொள்ளலாம். அம்மா முதல்நாளே வறுசட்டியைக் கண்டு எடுத்தவர், இன்றுவரை கீழே வைக்கவில்லை. அது ஜாம்பியின் தலையில் ‘ணங்’ என்று விழும் ஓசையைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் சிவப்புக் கதவு கொண்ட பாதுகாப்பு அறை இருக்கும். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டால் அடுத்த கட்டம் தொடங்கும். நாமாகத் திறக்கும்வரை எவனும் உள்ளே வரமாட்டான். அங்கே கடிகாரம் கிடையாது. புதியவர்கள் பெட்டியை எடுத்த கையோடு வெளியே பாய்கிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள். குண்டு நிரப்பிக்கொள்ளுங்கள், யாருக்கு எத்தனை புள்ளி என்று பாருங்கள், பேசுங்கள்.

சென்ற ஆகஸ்டில் ஒரு ஞாயிறு அப்படித்தான் உள்ளே நின்றிருந்தோம். எப்போதும் முதலில் கதவைத் திறக்கும் அண்ணன் அன்று மூலையில் நின்றான்.

“ஏன்டா, மருந்துப் பெட்டி எடுக்கலையா?” என்றார் அம்மா.

பதில் இல்லை. இணைப்புத் துண்டித்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு அவன் குரல் வந்தது. “அம்மா, எனக்கு அரியர் விழுந்திருக்கும்மா.”

(எத்தனை என்று எழுதக்கூடாது என்பது, இதை எழுத அவன் எனக்குத் தந்த அனுமதியின் நிபந்தனை.)

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று அக்கா போய்விட்டாள். திரையில் அம்மாவின் ஆள் வறுசட்டியோடு அண்ணனின் ஆளைப் பார்த்துத் திரும்பி நின்றது.

“எப்ப தெரியும்?”

“ஜூன்லேயே.”

“ரெண்டு மாசமா நான் கேக்கறேன், சாப்பிட்டேன் சாப்பிட்டேன்னு மட்டும் சொன்னியே.”

அவன் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டார். “சரி. பெட்டியை எடு. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். எந்தப் பாடம், எப்ப பரீட்சைன்னு ராத்திரி எனக்கு எழுதி அனுப்பு.” சற்று நேரம் கழித்து, “அவ வந்துட்டாளா? கதவைத் திற” என்றார். அன்று நாங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டவில்லை, இரண்டு முறை நால்வரும் செத்தோம். நவம்பரில் அண்ணன் அரியரில் பாதியைத் தேறிவிட்டான். மீதி இன்னும் இருக்கிறது.

விட்ட இடத்துக்கு வருகிறேன். வழியை மனப்பாடம் செய்து வென்றுவிடலாம் என்று எண்ண வேண்டாம். ‘டைரக்டர்’ என்று ஒரு நிரல் உள்ளேயிருந்து நம்மைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. நாம் எவ்வளவு அடிபட்டோம், எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறோம் என்று கணக்கிட்டு, எதிரிகளையும் மருந்தையும் ஒவ்வொரு முறையும் மாற்றி வைக்கும். நெருக்கி நெருக்கி உச்சத்துக்குக் கொண்டுபோய், பிறகு சிறிது மூச்சுவிட இடம் கொடுக்கும். தேர்வுக்கால அட்டவணை தயாரிப்பவர்கள் இந்த நிரலைக் கொஞ்சம் பார்க்கலாம்.

எங்கேனும் ஒரு பெண் அழும் குரல் கேட்டால் உடனே கைவிளக்கை அணைத்துவிடுங்கள். அவள் ‘விட்ச்’. அவளைச் சுடாமல், வெளிச்சம் காட்டாமல், நெருங்காமல் ஓரமாக விலகிப்போனால் ஒன்றும் செய்யமாட்டாள். சீண்டினாலோ, சீண்டியவரை ஒரே அடியில் வீழ்த்திவிடுவாள். ‘டேங்க்’ என்னும் பூதம் வரும்போது இசையே மாறும். சாதாரண ஜாம்பிக்கு 50 புள்ளி என்றால், நடுத்தரப் படியில் அவனுக்கு 4,000. குறுகிய இடத்தில் நிற்காமல் வெட்டவெளிக்கு வந்து, அவன்மேல் தீக்குப்பி எறிந்துவிட்டு ஓட வேண்டும். நல்ல உடல்நிலையில் இருப்பவர் அவனைவிடச் சற்றே வேகமாக ஓட முடியும், நொண்டுகிறவர் முடியாது. கட்டத்தின் தொடக்கத்தில் மருந்துப் பெட்டியை வீணாக்காதீர்கள் என்றது இதற்குத்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பொதுக் கூடத்தில் முன்பின் தெரியாதவர்களோடு ஆடலாம்தான். ஆனால் புதியவர் தடுமாறினால் வசைபாடுகிறவர்களும், வாக்கெடுத்து வெளியேற்றுகிறவர்களும் அங்கே உண்டு. ‘நண்பர்கள் மட்டும்’ என்ற ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தால் வெளியார் வரமுடியாது. ஆள் இல்லாவிட்டால் கணினி இயக்கும் மூவரோடு தனியே பழகலாம். அவர்கள் நன்றாகச் சுடுவார்கள், நமக்கு வைத்தியமும் செய்வார்கள்.

செய்யாத வேலை ஒன்று உண்டு. சவான்னா கதையின் கடைசிக் கட்டத்தில், அங்காடி வளாகத்தில் நிற்கும் பந்தயக் காருக்கு 13 பெட்ரோல் கேன்களைத் தேடிவந்து ஊற்ற வேண்டும். கணினி ஆட்கள் கேனைத் தொடமாட்டார்கள். எனவே இந்தக் கட்டத்துக்கு மட்டுமாவது மனிதர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாடிகளில் கிடக்கும் கேன்களைக் கீழே எறிந்துவிட்டு, பிறகு இருவர் இருவராக எடுத்துவருவது எங்கள் முறை. அண்ணனும் நானும் எறிவோம், அக்கா காவல். கேனை ஊற்றும்போது சுட முடியாது, அசையவும் கூடாது என்பதால் பொறுமைசாலி ஒருவர்தான் காரருகில் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் 13 கேனையும் ஊற்றுபவர் அம்மா. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்று ஒவ்வொரு தடவையும் எங்களிடம் சொல்வார்.