மேலே பார்த்தல்

பீனியல் சுரப்பியே ஆன்மாவின் முதன்மையான உறைவிடம் என்று 1649இல் டெக்கார்ட் எழுதியதைப் படித்து நாங்கள் வியந்ததுண்டு. மூளையின் ஆழத்தே, பைன் மரத்தின் காய்போன்ற வடிவில் அமைந்த சிறு சுரப்பி அது. எங்கள் தம்பியின் கட்டி அவ்விடத்தில்தான் வளர்ந்தது.

அவனது தலைவலியை நாங்கள் பொருட்படுத்தவில்லை. பரணிலிருந்த பெட்டியைக் காட்டியபோது அவன் கண்கள் மேலெழாததை அம்மாதான் கவனித்தார். கட்டி நடுமூளையை அழுத்துவதால் பார்வை மேலேறாது என்றும், மூளைநீரின் குறுகிய வழி அடைபட்டதால் தலைவலி என்றும் மருத்துவர் விளக்கினார்.

உடனே அறுத்தெடுங்கள் என்று மன்றாடினோம். எவ்வகைக் கட்டி என்று முதலில் தெரியட்டும் என்றார் அவர். இரத்தத்திலும் மூளைநீரிலும் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. அளவுகளைச் சோதித்தனர். உள்நோக்கிக் கருவியால் மூளைநீருக்கு மாற்றுவழி திறந்து, அப்போதே கட்டியிலிருந்து ஒரு துணுக்கும் எடுத்தனர். ஜெர்மினோமா என்று தெரியவந்தது. மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் நன்கு கரையும் வகை. முழுதாக அறுத்தெடுக்கத் தேவையில்லை. எங்கள் பதற்றத்துக்கு இணங்காத அந்தப் பொறுமைக்கு நாங்கள் கடன்பட்டவர்கள்.

கட்டி கரைந்தது. பார்வை மட்டும் முழுதாக மேலேறவில்லை. நிலவைக் காண அவன் தலையையே பின்னால் சாய்க்கிறான். அருகில் நின்று நாங்களும் சாய்க்கிறோம்.