வெள்ளையடித்தால் போதுமா?

வீட்டை விற்பது என்று முடிவானதும் நம்மவர்கள் முதலில் கூப்பிடுவது பெயிண்டரைத்தான். ஓதம் ஏறிய சுவரில் பட்டி பார்த்து இரண்டு கோட்டிங் அடித்துவிட்டால் வீடு புதுசாகிவிடுமாம்! அடுத்த மழையில் ஓதம் மறுபடி எட்டிப் பார்க்கும்... அதற்குள் வீடு கைமாறியிருக்கும் என்ற கணக்கு.

1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு இந்தக் கணக்கை ஏற்பதில்லை. சாதாரணக் கவனத்தோடு பார்ப்பவர் கண்ணில் படாத முக்கியக் குறை ஒன்று விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதை அவர் சொல்லியாக வேண்டும். மறைப்பது மோசடி.

குறை பத்திரத்திலும் இருக்கலாம். பட்டா இன்னும் தாத்தா பெயரில். அப்பா உயில் எழுதாமலே போய்விட்டார். கல்யாணமாகிப் போன அக்காவுக்கும் பங்கு உண்டு என்பது, அட்வான்ஸ் வாங்கிய பிறகுதான் தம்பிக்கு ஞாபகம் வரும் (அக்காவுக்கு அது எப்போதும் ஞாபகம்தான்!). பெயிண்டருக்கு முன்பே அக்காவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்.

வாங்குபவர் பாடுதான் பாவம். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்தது. ஆனாலும் முத்திரைத் தீர்வை 7 சதவீதம் இருக்கிறது. அத்தனையும் கட்டிக் குடிவந்த பிறகுதான் அவருக்கு முதல் மழை.