கேமரா எங்கே விலக வேண்டும்?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில், மலை ஏறுவதற்கு முன்பே மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு வந்துவிடும். 1935இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டூடியோ நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தது. ஆண் பெண் ஆசையை எப்படிப் படமாக்குவது என்ற தொழில் கேள்வி தமிழ் சினிமாவுக்கு எப்போதும் உண்டு. 1950இல் அதற்கு இரண்டு விடைகள், இரண்டு படங்களாக, இந்த மலையடிவாரத்திலிருந்தே வந்தன. இரண்டிலும் ஸ்டூடியோ ஒன்று, நாயகி மாதுரிதேவி, இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கன்.

டங்கன் அமெரிக்கர். 1935இல் இந்தியா வந்து, தமிழ் தெரியாமலேயே 'சதி லீலாவதி', 'அம்பிகாபதி', 'மீரா' என்று எடுத்துத் தள்ளினார். காதல் காட்சி எடுப்பவருக்கு மொழி தெரியாதது அப்படியொன்றும் நஷ்டமில்லை. வசனம் புரியாதவர் கண்ணையும் கையையும்தானே பார்த்தாக வேண்டும்!

முதல் விடை 'பொன்முடி'. பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்தைத் தழுவிய படம். நரசிம்மபாரதியும் மாதுரிதேவியும் நெருங்கி நடித்த காட்சிகள் ஆபாசம் என்று கண்டனத்துக்கு ஆளாயின. நாடக மேடையில் காதலர்கள் எட்ட நின்று பாடிப் பழகிய காலம் அது. அந்த இடைவெளியைக் குறைத்ததுதான் டங்கன் செய்த குற்றம்.

இரண்டாவது 'மந்திரி குமாரி'. குண்டலகேசிக் கதையை அடியொற்றி மு. கருணாநிதி எழுதியது. டங்கன் இடையில் ஊர் திரும்பிவிட, மீதியைச் சுந்தரம் முடித்தார். 'வாராய் நீ வாராய்' பாட்டுக்காக ஏற்காட்டு மலைக்குப் போனார்கள். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாட, கணவன் மனைவியை மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். அவளுக்கு அது உல்லாசப் பயணம். அவனோ அவளைத் தள்ளிவிடக் கூட்டிப்போகிறான். விஷயம் தெரிந்ததும், சாகும்முன் அவனை மூன்று முறை வலம் வர வேண்டும் என்று கேட்கிறாள். சுற்றி வந்தவள் அவனையே தள்ளிவிடுகிறாள்.

வயதுவந்தோருக்கான காட்சி என்றால் இதைச் சொல்ல வேண்டும். ஆசையும் கொலையும் ஒரே மெட்டில் நடக்கின்றன. தோலைக் காட்ட அவசியமே வரவில்லை. யார் முன்னே நடக்கிறார், யார் பின்னே வருகிறார், யாருக்கு என்ன தெரியும் என்பதில் இருக்கிறது அந்தக் காட்சியின் சூடு. கடைசியில் அவள் சுற்றத் தொடங்கியதும் இடங்கள் மாறிவிடுகின்றன. இயக்கம் என்பது இந்த இடமாற்றம்தான்.

ஏற்காட்டில் படம் எடுத்தவர்களுக்கு மலை கொடுக்கும் தொல்லையும் தெரியும். காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் வெயில் பொட்டுப் பொட்டாக முகத்தில் விழும். வெயிலை மென்மையாக்கும் ஸ்கிம்மர் துணி பிடித்தால்தான் தோல் ஒரே நிறமாகத் தெரியும். மூடுபனி நெருக்கக் காட்சிக்கு நல்ல நண்பன், பின்னணியை அழித்து இரண்டு பேரை மட்டும் விட்டுவைக்கும். ஆனால் அடுத்த ஷாட்டுக்குள் கலைந்துவிட்டால் கன்டினியூட்டி போச்சு. அதனால் அகலமான ஷாட்டை முதலில் எடுத்துவிட்டு, குளோசப்பை எந்த வெளிச்சத்திலும் ஒப்பேற்றலாம் என்று கடைசிக்கு வைப்பார்கள்.

அதே ஸ்டூடியோ அறுபதுகளில் ஜெய்சங்கரை வைத்துத் துப்பறியும் படங்களுக்குத் திரும்பியது. 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) காலம். அந்த வகைப் படம் என்றாலே ஒரு கிளப் டான்ஸ் இருக்கும். உடம்பு தெரிவதுபோல் இருக்கும், உண்மையில் அது தோல் நிற நெட் துணி. பாதத்திலிருந்து மேலேறும் கேமரா, நடுவே வில்லனின் கிளாஸ். அந்த ஆட்டங்களுக்கு ரசிகர்கள் நிறைய. ஆனால் ஆடுகிறவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று காட்சி கேட்பதே இல்லை. ஆளில்லாத கவர்ச்சி சீக்கிரம் சலித்துவிடும்.

தணிக்கைச் சான்றிதழை வைத்து ஒரு காட்சியின் சூட்டை அளக்க முடியாது. தமிழில் முதன்முதலாக, வயதுவந்தோருக்கு மட்டுமான 'ஏ' சான்றிதழ் வாங்கிய 'மர்மயோகி' (1951) அதைப் பெற்றது பேய்க் காட்சிகளுக்காக! பிறகு 'அரங்கேற்றம்' (1973), 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) என்று வேறு வேறு காரணங்களுக்காக வாங்கியவை வந்தன.

நெருக்கக் காட்சி எடுப்பதில் இன்றைய மாற்றம் கேமராவுக்குப் பின்னால் நடக்கிறது. 2022இல் வந்த 'கெஹ்ராயியான்' இந்திப் படத்தில், நெருக்கக் காட்சிகளை வடிவமைத்ததற்காகவே தார் காய் என்பவரின் பெயர் டைட்டிலில் வந்தது. எந்த இடத்தைத் தொடலாம், எது கூடாது, செட்டில் யார் யார் நிற்கலாம் என்பதை, சண்டைக் காட்சிக்கு ஒத்திகை பார்ப்பதுபோல முன்கூட்டியே பேசி முடிப்பது இந்த வேலை. சம்மதம் தெளிவாக இருந்தால் நடிப்பும் கூச்சமில்லாமல் வரும். மானிட்டரில் அது தெரியும்.

தமிழ்த் தயாரிப்பாளர்கள் ஸ்டன்ட் மாஸ்டருக்கும் டான்ஸ் மாஸ்டருக்கும் சம்பளம் ஒதுக்குகிறார்கள். நெருக்கக் காட்சிக்கும் அப்படி ஒருவரை அமர்த்தட்டும். செலவு பெரிதில்லை, ஒருநாள் ஜெனரேட்டர் வாடகையைக் குறைத்தாலே அந்தப் பேச்சைத் தொடங்கிவிடலாம்.